பழைய யூஃபோனியம்: காம்பன்சேட்டிங்கா, சாதாரணமா?

பழைய யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவியை வாங்கும்போது, சுருதி விலகலை ஈடுசெய்யும் காம்பன்சேட்டிங் வகை, அந்த வசதி இல்லாத சாதாரண வகை, இந்த இரண்டில் எதை எடுப்பது என்று தவித்தால், முதலில் கருவியைத் திருப்பி வால்வுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

அடையாளம்
சாதாரணம்: ஒரு வால்வுக்கு ஒரு குழாய் வளைவு, அவ்வளவுதான்.
காம்பன்சேட்டிங்: அதோடு இன்னொரு குட்டி வளைவும் ஒட்டிக்கொண்டிருக்கும். பூஸி நிறுவனத்தின் டேவிட் பிளேக்லி 1874-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. 4-ஆம் வால்வை அழுத்தும்போது காற்று மற்ற வால்வுகள் வழியாக இன்னொரு சுற்று போய் வருவதால் கீழ்ஸ்தாயியிலும் சுருதி பெரிதாக விலகாது.

பழுது
சாதாரணம்: எடை குறைவு, சரிசெய்வதும் சுலபம்.
காம்பன்சேட்டிங்: வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்திருந்தால் செலவு கையைக் கடிக்கும். ஒரு வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாயை) மெதுவாக வெளியே இழுத்துச் சில நொடி பொறுத்து அந்த வால்வை அழுத்துங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் கசிவு அதிகமில்லை.

விலை
ஒரே நிலையில் இருந்தால் காம்பன்சேட்டிங்குக்குத்தான் மதிப்பு. 'பூஸி அண்ட் ஹாக்ஸ்' முத்திரை இருந்தால் 1930-க்கு முந்தையது இல்லை, ஏனென்றால் அந்த இரு நிறுவனங்களும் இணைந்ததே அப்போதுதான். அப்புறம், பழைய பிரிட்டிஷ் கருவிகளில் பல உயர்சுருதியில், அதாவது இன்றைய சுருதியைவிடச் சற்று மேலே, செய்தவை. ட்யூனிங் ஸ்லைடை நன்றாக இழுத்தும் சுருதி இறங்காவிட்டால், எவ்வளவு பளபளத்தாலும் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

தனியாகவோ பிராஸ் பேண்டிலோ வாசிப்பவருக்குக் காம்பன்சேட்டிங். புதிதாகப் பழகுபவருக்கும் நடந்துகொண்டே வாசிப்பவருக்கும் சாதாரணமே சரி.