ஏழாம் படி சமன்பாடு: கண்டினியூஸ் வழியா, இயற்கணித வழியா?

நாகர்கோவில்ல டியூஷன் முடிஞ்சு வரும்போ அக்கா மவன் கேட்டான், "மாமா, ஹில்பர்ட்டோட 13ஆவது கணக்கு முடிஞ்சாச்சா இல்லியா?"ன்னு. ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட் 1900ல போட்ட கணக்குப் பட்டியல்ல 13ஆவது அது, ஏழாம் படி சமன்பாட்ட தீக்கறதப் பத்தினது. ரெண்டும் சரிதானாக்கும், எந்த ஃபங்ஷன வச்சுப் பாக்கோம்ங்கறதுலதான் இருக்கு.

அஞ்சாம் படிய 1786லயே சுவீடன் கணிதர் பிரிங் x⁵+x+a=0ன்னு ஒரே ஒரு எண்ணுக்குள்ள கொண்டாந்துட்டாரு. ஏழாம் படிய x⁷+ax³+bx²+cx+1=0 வர சுருக்கலாம், a, b, c மூணு மிச்சம். இத ரெண்டு மாறி உள்ள ஃபங்ஷன்கள ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கியே தீக்க முடியுமான்னுதான் 1900ல ஹில்பர்ட் கேட்டாரு, முடியாதுன்னுதான் அவரு நினைச்சாரு.

கண்டினியூஸ் ஃபங்ஷன், அதாவது எங்கயும் அறுபடாம தொடர்ச்சியா போறது, நம்ம குலசேகரம் ரப்பர் ஷீட் மாதிரி, இஷ்டத்துக்கு வளையும். அதான் 1957ல ரஷ்ய கணிதர் கொல்மோகொரோவும் அவரு மாணவர் ஆர்னால்டும் மூணு மாறி உள்ள எந்த கண்டினியூஸ் ஃபங்ஷனையும் ரெண்டு மாறி உள்ளதுகள வச்சே கட்டிரலாம்னு நிரூபிச்சாவ. அழகான ரிசல்ட்டு, ஆனா அந்த உள் ஃபங்ஷன்கள் வழவழப்பா இருக்கும்னு கேரண்டி இல்ல, ஏழு மூலமும் (சமன்பாட்டோட விடைகள்தான்) ஒண்ணோட ஒண்ணு இடம் மாறுற விஷயத்த அது தொடவே இல்ல.

இயற்கணித வழில, அதாவது அடுக்குற ஃபங்ஷனும் ஒரு சமன்பாட்டோட மூலமாவே இருக்கணும்னு வச்சா, அந்த இடமாற்றம்தான் உயிரே. a, b, cய ஒரு சுத்து சுத்தி பழைய இடத்துக்கே கொண்டாந்தா ஒரு மூலம் போய் இன்னொரு மூலத்துல நிக்கும், கேட்டியளா. இந்த வழில இன்னும் விடை வரல, ரெண்டு மாறி போதாதுன்னு கூட யாரும் நிரூபிக்கல, ஏன், ஆறாம் படிக்கு ஒரு மாறி போதாதுன்னு கூட நிரூபணம் கெடையாது! எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், சமன்பாட்ட சமன்பாடாவே மதிக்கது இதுதான்.