மனஅழுத்தம் 78 என்கிறது கைக்கடிகாரம்: கார்மின் விவோஆக்டிவ் 5

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மதியம் ஒரு மணிக்கு வாழை இலைச் சாப்பாடு. வெயிலில் நடந்து அலுவலகம் திரும்பி நாற்காலியில் சாய்ந்தால், கையிலிருக்கும் கடிகாரம் 'மனஅழுத்தம் 78, அதிகம்' என்று காட்டும். மனத்தில் ஒரு கவலையும் இருக்காது. வயிறு நிறைந்திருக்கிறது, சட்டையில் வியர்வை காயவில்லை, அவ்வளவுதான். கடிகாரம் பொய் சொல்லவில்லை. உடம்பில் நடப்பதைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது, அதற்கு வைத்த பெயர்தான் தவறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு இது நல்ல கருவி. புரியாதவருக்குப் புதிதாக ஒரு கவலை.

கார்மின் நிறுவனத்தின் இந்த விவோஆக்டிவ் 5 வெளியானது 2023 செப்டம்பரில். வாரோடு சேர்த்து எடை 36 கிராம், 1.2 அங்குல அமோலெட் திரை. ஒருமுறை மின்னேற்றினால் 11 நாள் வரை என்பது நிறுவனத்தின் கணக்கு. திரையை எந்நேரமும் எரியவிட்டால் அது 5 நாளாகச் சுருங்கும். வெளியானபோது அமெரிக்க விலை 300 டாலர். இங்கே சொல்லும் அளவீடுகள் எதற்கும் மாதச் சந்தா கிடையாது.

கடிகாரத்தின் அடியில் எரியும் பச்சை விளக்கு தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தைப் பார்த்து நாடியை எண்ணுகிறது. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் சரியாக ஒரு விநாடி இடைவெளி என்று நினைப்போம். உண்மையில் ஒன்று 0.95, அடுத்தது 1.04 என்று அது ஏறி இறங்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது மெதுவாகும். உடம்பு ஓய்வாக இருக்கையில் இந்த ஏற்ற இறக்கம் கூடும். பயம், கோபம், காய்ச்சல், களைப்பு என எது வந்தாலும் குறையும். அதைக் கணக்கிட்டு, ஏற்ற இறக்கம் குறையக் குறைய ஏறும்படி, 0 முதல் 100 வரை ஓர் எண் தருகிறார்கள்: 25 வரை ஓய்வு, 50 வரை குறைவு, 75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். கணக்கு முறை பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் அனலிட்டிக்ஸ் நிறுவனத்துடையது. 2020-இல் கார்மின் அதை வாங்கிவிட்டது. நடக்கும்போதும் ஓடும்போதும் கடிகாரம் இந்த எண்ணைக் கணிப்பதில்லை. உட்கார்ந்த பிறகு கணிக்கும்போது, உடம்பு இன்னும் சூடு தணியாமல் இருப்பது 'மனஅழுத்தம்' என்று பதிவாகிவிடும்.

கோலாலம்பூரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். வெப்பத்தை வெளியேற்ற உடம்பு தோலுக்கு ரத்தத்தைத் தள்ளும்போது இதயம் வேகம் பிடிக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் இன்னும் மோசம். அடுத்து மாமாக் கடை. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டே இரவு பத்து மணிக்குக் குடித்த தே தாரிக் என்னும் பால் தேநீரில் இருந்ததில் பாதி, அதிகாலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் சுற்றும். 'குராங் மானிஸ்' என்று சொல்லிக் குடித்தால் சீனிதான் குறையும், காஃபீன் அப்படியே இருக்கும். பதினொரு மணிக்கு ரொட்டி சானாயும் சேர்ந்தால், தூங்கும்போதும் மனஅழுத்த வரைபடம் நெடுநேரம் ஆரஞ்சு நிறத்திலேயே, அதாவது அழுத்த நிலையிலேயே, நிற்கும். காலையில் எழுந்ததும் வரும் எரிச்சலுக்கு வேலையையும் மேலாளரையும் குறை சொல்லும் முன் இந்த வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. கடிகாரம் தன் விலைக்கு ஈடு செய்வது இந்த இடத்தில்தான்.

இந்த எண் சிலருக்குப் பொருந்தாது, பெட்டியின் மேல் அது பெரிய எழுத்தில் இருக்கப்போவதில்லை. பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி மாத்திரையாலேயே தாழ்ந்திருக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்ச நாடிக் கணக்கு அவர்களிடம் செல்லாது. பல ஆண்டாக இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களில் சிலருக்கு இதயத்துக்குப் போகும் நரம்பே பாதிக்கப்பட்டிருக்கும். அப்போது துடிப்பின் ஏற்ற இறக்கம் எந்நேரமும் குறைவாகவே தெரியும். அது மனஅழுத்தம் அன்று, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. ஒழுங்கற்ற இதயத் துடிப்பு இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திறக்காமலே இருக்கலாம். இதில் இசிஜி வசதியும் இல்லை.

தவறான எண் வருவதற்கு எளிய காரணங்களும் உண்டு. கோயில் கயிறு கட்டிய கையில் மாட்டினால் கயிறு கடிகாரத்தைத் தூக்கிவிடும், வெளிச்சம் உள்ளே கசியும். வளையல் போட்ட கையிலும் இதே கதைதான். மறு கைக்கு மாற்றுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கை பக்கமாக ஒரு விரல் தள்ளிக் கட்டுங்கள். கையை ஆட்டினால் நகரக்கூடாது, கழற்றினால் ஆழமான தடம் விழக்கூடாது. கறுத்த தோல் பச்சை ஒளியை அதிகம் உள்வாங்கும், திரும்பி வரும் ஒளி குறைவு. அதனால் நமக்குத் தளர்வாகக் கட்டுவது கூடுதல் கெடுதல். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று கையைச் சோப்பால் கழுவிவிட்டு மாட்டுங்கள், பச்சை விளக்கையும் ஈரத் துணியால் துடையுங்கள். சிலிக்கோன் வார் நம் புழுக்கத்துக்கு ஆகாது, வேர்க்குரு வரும். 20 மில்லிமீட்டர் நைலான் வார் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பகலில் காட்டும் மனஅழுத்த எண்ணை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது தூக்கத்தில் எடுக்கும் துடிப்பு இடைவெளி அளவு. வெயில், நடை, பேச்சு எதுவும் அப்போது குறுக்கே வராது. தொடர்ந்து மூன்று வாரம் மாட்டிக்கொண்டு தூங்கினால்தான் உங்களுக்கான வழக்கமான எல்லையைக் கடிகாரம் வகுக்கும். பிறகு ஏழு நாள் சராசரியை அதோடு ஒப்பிடும். நண்பருடைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம், வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப அது மாறும். கூடவே ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்றே குறிப்பு: கடைசித் தேநீர் எத்தனை மணிக்கு, படுத்தது எப்போது, காலையில் மனநிலை ஐந்துக்கு எத்தனை. கடிகாரம் எவ்வளவு என்று சொல்லும், எதனால் என்பது நோட்டில்தான் தெரியும். இரவுப் பணி மாறி மாறி வருபவர்களுக்கு இந்தச் சராசரி தள்ளாடும். அவர்கள் ஒரே பணி நேரம் உள்ள வாரங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

உடம்பைப் பிடித்து மனத்தை இறக்க முடியுமா என்று இந்தக் கருவியிலேயே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் சாய்ந்து, 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகும், பலருக்கு எண் இறங்கும். செய்யும் பிழை, நெஞ்சு நிறைய இழுப்பது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். மெதுவாக என்றால் சிறிதாகவும் என்றே பொருள். 'இளைப்பாறுங்கள்' என்று அதிர்ந்து நினைவூட்டும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவே கை அதிர்ந்து அமைதி கண்டவர் யாருமில்லை. இரவு ஆக்சிஜன் அளவையையும் அணைத்தால் மின்கலம் கூடுதலாக நிற்கும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் என்பதே கடிகாரம் முன்வைக்கும் இலக்கு. வேகமான உழைப்பு இரட்டிப்பாக எண்ணப்படும். கேஎல்சிசி பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ஓடுபாதையில் தூரக் கணக்கு தடுமாறும். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் செயற்கைக்கோள் சமிக்ஞை நடந்த தடத்தை வளைத்துக் காட்டும், இதைக் குறைக்கும் இரட்டை அலைவரிசை வசதி இதில் கிடையாது. திறந்த வெளியான தித்திவங்சா ஏரியில் பரவாயில்லை. உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்த உணரி இல்லாததால் பத்துமலையின் 272 படியை மூச்சிரைக்க ஏறினாலும் 'ஏறிய மாடி' என்று ஒன்றும் பதிவாகாது. இந்த விலைக்கு அது குறைதான்.

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றிருப்பவருக்கும் கடிகாரம் எல்லாம் சரி என்றே காட்டக்கூடும். அப்போது எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம் விட்டுப் பேச உதவும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

எந்நேரமும் நாடியைத் தொட்டுப் பார்த்துப் பயப்படும் சுபாவம் உள்ளவருக்கு இதைப் பரிசாக வாங்கிக் கொடுக்காதீர்கள். காலையில் எழுந்து உட்காரும் முன் 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்கி எழுதினாலே அவருக்குப் போதும். தூக்கம் ஏன் கெடுகிறது என்று தேடுபவருக்கும் புதிதாக நடக்கத் தொடங்கியவருக்கும் தாராளமாகச் சொல்லலாம். 2025 ஏப்ரலில் விவோஆக்டிவ் 6 வந்துவிட்டது. அதிலும் காற்றழுத்த உணரி இல்லை, இசிஜி இல்லை. 5-ஐக் கழிவு விலையில், மலேசிய உத்தரவாதத்தோடு விற்றால் அதையே வாங்குங்கள்.