கிளீசனா, ஏற்பியா? புரோஸ்டேட் புற்றுநோயின் போக்கை எது சரியாகச் சொல்கிறது

பயாப்சி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது இப்படியே கிடக்குமா, பரவுமா? புற்றணுக்கள் எந்த வளர்ச்சிக் காரணியை (செல்லின் வளர்ச்சி பற்றிச் செய்தி சொல்லும் புரதம்) சுரக்கின்றன, எந்த ஏற்பியை (அந்தச் செய்தியை வாங்கும் புரதம்) சுமக்கின்றன என்று பார்த்து இதற்குப் பதில் தேடிய ஆய்வுகள் ஏராளம். எதிரே நிற்பதோ 1966-ல் டொனால்ட் கிளீசன் வகுத்த பழைய முறை. சுரப்பிகள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் அதன் நுணுக்கத்தைப் பாருங்கள். சிதைவு கூடக் கூட எண்ணும் கூடும்; அதிகம் தென்படும் வடிவத்தின் எண் முதலில், அடுத்ததன் எண் பிறகு. 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7. முன்னதில் ஓரளவு ஒழுங்கான சுரப்பிகள் அதிகம். பின்னதில் சிதைந்தவை அதிகம். பின்னதுதான் மோசம்.

ஏற்பிகளில் ஹெர்-2 பெயர் பெற்றது மார்பகப் புற்றுநோயில். புரோஸ்டேட்டில் அதன் மரபணு பெருகியிருப்பது அபூர்வம். அந்தப் புரதத்தைக் காட்டும் பழுப்பு நிறம் ஸ்லைடில் ஏறினாலும், எவ்வளவு ஏறினால் பாசிட்டிவ் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறியது. அதன் உறவான இஜிஎஃப்ஆர் ஏற்பி, ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் அடங்காமல் போகும் கட்டத்தில் கூடுவதாகச் சில ஆய்வுகள் கண்டன. சரி, அதைத் தடுத்தால்? அப்படித் தடுக்கும் ஜெஃபிட்டினிப் மருந்து பெரிதாகப் பலன் தரவில்லை. போக்கைச் சொல்வது வேறு, எந்த மருந்து கேட்கும் என்று சொல்வது வேறு.

ரத்தக்குழாய்களை வளர்க்கும் காரணியான விஇஜிஎஃப் கதையும் இதேதான். 2012-ல் வெளிவந்த 1,050 பேர் கொண்ட சோதனையில், டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு, விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1 பற்றி 1998-ல் வந்த பிரபல ஆய்வு சொன்னது நோய் வரும் அபாயத்தை. வந்த நோயின் போக்குக்கு அதையே சான்றாகக் காட்டுவது தவறு.

இந்த வளர்ச்சிக் காரணிகளில் என்னை அதிகம் ஈர்ப்பது டிஜிஎஃப்-பீட்டா. ஆரம்பத்தில் இது செல் பெருக்கத்துக்கு பிரேக். புற்றணு தன் மேலிருக்கும் ஏற்பியை இழந்துவிட்டால் பிரேக் பிடிக்காது. அப்புறம் எவ்வளவு சுரந்தாலும் அது சுற்றியுள்ள ரத்தக்குழாய்களுக்கு உரமாகவும் நோய் எதிர்ப்புக்குத் தடையாகவும்தான் ஆகும். அதாவது இங்கே கெட்ட சகுனம் ஏற்பி கூடுவதல்ல, காணாமல் போவது. காரணியை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். அந்த அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் இதைக் கொட்டிவிடும். அதனால் ஒரே ஆளின் ரத்தத்தை உறையவிட்டு எடுத்த சீரமும், உறையாமல் பிரித்த பிளாஸ்மாவும் வேறு வேறு எண்ணைக் காட்டும். விஇஜிஎஃப்-க்கும் இதே தொல்லை.

கிளீசனால் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லும் ஏற்பி ஏஆர்-வி7. ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பியின் இந்தக் குறைவடிவத்தில் ஹார்மோன் வந்து ஒட்டும் பகுதியே இல்லை. அங்கே உட்கார்ந்து ஹார்மோனைத் தடுக்கும் என்சலுட்டமைடு மருந்துக்கு இடமே கிடையாது. 2014-ல் வந்த 62 பேர் ஆய்வில், ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களில் இது இருந்த ஒருவருக்குக்கூட என்சலுட்டமைடிலோ, ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராட்டெரோனிலோ, பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும், ரத்தத்தில் அளக்கும் புரதம்) போதிய அளவு இறங்கவில்லை. ஆனால் இது ஹார்மோன் சிகிச்சை தோற்ற கட்டத்துக்கான சோதனை.

புதிதாக நோய் தெரிந்தவருக்கு நான் சொல்வது: கிளீசன், பிஎஸ்ஏ, நோயின் நிலை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வளர்ச்சிக் காரணி சோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன், அதே ஸ்லைடுகளை வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். 3+4 என்று எழுதியதை அவர் 4+3 என்று படிக்கலாம், சிகிச்சையே மாறிவிடும்.