ஏறும்போது லோடு, இறங்கும்போது காலி: குமுளி பாதைக்கு எந்த பிக்கப் டயர்?

கம்பத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி போகிற பிக்கப்புக்கு டயர் வாங்க வருபவர், கடையில் முதலில் கேட்பது "எவ்வளவு லோடு தாங்கும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தப் பாதையில் வண்டி அதிகம் வழுக்குவது லோடை இறக்கிவிட்டு, ஆனி ஆடி மழையில் காலியாக மலையடிவாரத்து லோயர் கேம்புக்கு இறங்கும்போது. பின்பக்கம் எடையே இருக்காது. லோடுக்குப் பிடித்த காற்று அப்படியே கல்லு மாதிரி நிற்கும். டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தாரில் படும். அதனால் இந்த மதிப்பீட்டில் மார்க் எல்லாம் இறக்கத்துக்குத்தான்.

முதலில் சைஸ். தோஸ்த், இன்ட்ரா வி30 வண்டிகளுக்கு 185 ஆர்14 எல்டி (சின்ன லாரி டயர் என்று அர்த்தம்). பொலேரோ பிக்கப்பில் மாடலைப் பொறுத்து 215/75 ஆர்15 அல்லது 7.00 ஆர்15. டாடா ஏஸ் என்றால் 145 ஆர்12. பழைய டயரைப் பார்த்து வாங்காதீர்கள். முந்தைய ஓனர் சைஸை மாற்றியிருக்கலாம். கதவோர ஸ்டிக்கரிலோ வண்டிப் புத்தகத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சைஸில் 6 பிஆர், 8 பிஆர் என்று இரண்டு வகை கிடைக்கும். பிஆர் என்பது ப்ளை ரேட்டிங், எண் கூடினால் தாங்கும் பலம் கூடும். 6 பிஆர் விலை குறைவு, பார்வைக்கு ஒரே மாதிரி, ஏமாறுவது இங்கேதான். டயர் பக்கவாட்டில் 102/100 என்பது போல ஓர் எண் இருக்கும். 102 என்றால் ஒற்றை டயருக்கு 850 கிலோ. 100 என்றால் ஜோடி டயரில் ஒவ்வொன்றுக்கும் 800 கிலோ. பிக்கப்பில் பின்னால் ஒற்றை டயர் என்பதால் முதல் எண்தான் கணக்கு. இரண்டு டயருக்கும் சேர்த்து 1,700 கிலோ. பின் அச்சில் வண்டியின் சொந்த எடை 600 கிலோ என்று வைத்தால் மிச்சம் 1,100. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும் என்பதால் அந்த 1,100-ஐயும் முழுசாகத் தொடக்கூடாது. தக்காளிப் பெட்டியை எண்ணி ஏற்றுபவர்கள் பெட்டியின் எடையைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், அது வேறு கதை.

அடுத்தது பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பரின் வடிவம். மூன்று வகை.

ரிப்: நீளவாக்கில் நேர்வரி போட்டது. முன்பக்கத்துக்கு இதைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். தார் ரோடு மட்டுமே ஓடும் வண்டிக்குப் பின்னாலும் இதுவே நல்லது. தண்ணீரை வரி வழியே தள்ளிவிட்டு தாரைப் பிடிக்கும், சத்தமும் குறைவு.

லக்: குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும். "மலைக்கு லக்தான் சார்" என்று கடைக்காரர் சொல்வார். சேற்றுக்கு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஈரத் தாரில் காலி வண்டிக்கு இது மோசமான தேர்வு. கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ரோட்டில் படுகிற ரப்பர் குறைவு. கொஞ்ச நாள் ஓடிய லக் டயரை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி இடறும். ஒவ்வொரு கட்டையும் முன்விளிம்பு ஒரு அளவு, பின்விளிம்பு ஒரு அளவாகத் தேய்ந்திருப்பதுதான் காரணம். கேபினில் கேட்கும் 'உர்ர்' சத்தமும் அதிலிருந்துதான்.

செமி-லக்: நடுவில் ரிப், ஓரத்தில் கட்டை. வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குள் மண்பாதை வரை போகிற வண்டிக்குப் பின்னால் இதைப் போடலாம். குமுளி சந்தை வரைதான் என்றால் தேவையில்லை.

ரேடியலா நைலானா? டயருக்குள் இழை ரேடியலில் நேர்குறுக்காகப் போகும், நைலானில் ஒன்றின் மேல் ஒன்று சாய்வாகப் போகும். தோட்டப் பாதைக் கல்லில் பக்கவாட்டு அடி நைலான்தான் அதிகம் தாங்கும். மற்ற எல்லாவற்றிலும் ரேடியல். சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானமும் நிதானம். ஒரே அச்சில் ஒன்று ரேடியல், ஒன்று நைலான் என்று மட்டும் கலக்கவே கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எங்கே வாங்குவது? வாட் காலத்தில் வரி வித்தியாசம் பார்த்து கேரள எல்லை தாண்டிய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் என்றால் முன்பு 12,800, இப்போது 11,800. பில்லில் 18 போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாக் பழையது என்பது காரணம் ஆகாது. கோட்டயம் வடவாதூரில் எம்ஆர்எஃப், சாலக்குடி அருகே பேராம்பிராவில் அப்போலோ என்று ஆலைகள் மலைக்கு அந்தப் பக்கம்தான். அதற்காகக் குமுளியில் டயர் மலிவாகிவிடாது. டீலர் தரும் தள்ளுபடிதான் வித்தியாசம். தேனியில் ஒரு கம்பெனி மட்டும் விற்கும் ஷோரூம், பல கம்பெனி வைத்திருக்கும் கடை இரண்டிலும் விலை கேட்டுவிட்டு, அலைன்மென்ட் மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கே வாங்குவதே லாபம்.

தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுதாக இருக்கும், டயரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் வரை பிரச்சினை இல்லை. ஒரு வருடம் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். இரண்டு வருடமானால் வேண்டாம். டயர் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள், கிளெய்முக்கு அது வேண்டும். கிளெய்ம் என்றாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், அதுவும் மிச்சமிருக்கும் பட்டனைக் கணக்குப் பார்த்துத்தான். கல் வெட்டு, ஓவர்லோடு எதற்கும் கிடைக்காது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரிம் ஓரத் துருவைச் சுரண்டிவிட்டுத்தான் டயரை ஏற்ற வேண்டும். பீடில், அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பில், சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் கூடாது. டியூப் டயர் என்றால் புது டயருக்குப் புது டியூப், புது ஃபிளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டை). பழைய டியூப் ஓடி ஓடி விரிந்திருக்கும். உள்ளே மடிப்பு விழுந்து, சூட்டில் அந்த மடிப்பிலேயே கிழியும். கொஞ்சம் காற்று பிடித்து, முழுதாக இறக்கி, மறுபடி பிடித்தால் மடிப்பு பிரியும். அவசரக் கடைகளில் இதைச் செய்வதில்லை, கேட்டுச் செய்ய வைக்கலாம். டியூப்லெஸ் என்றால் வால்வையும் மாற்றுங்கள். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.

இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். ஸ்டியரிங் முன்னால்தானே என்று முன்னால் போடுவதுதான் வழக்கம். ஆனால் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம்; காலி வண்டியின் பின்பக்கம் கொண்டை ஊசியில் வீசிக்கொண்டால் கையில் ஒன்றும் இருக்காது. அதற்காக முன்னால் மொட்டை டயரை விட்டுவைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. வரிக்குள் தெரியும் தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. ரீட்ரெட் செய்த டயர், அதாவது பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டியது, முன்பக்கம் வேண்டவே வேண்டாம். 7.00 நைலானுக்கு பின்பக்கம் பரவாயில்லை. 14 இஞ்ச் டயருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

காற்று விஷயத்தில்தான் நல்ல டயரும் வீணாகிறது. 185 ஆர்14, 8 பிஆர் டயருக்கு உச்ச அளவு 65 பிஎஸ்ஐ. வண்டிப் புத்தகத்தில் லோடுக்கும் காலிக்கும் தனித்தனி அளவு இருக்கும். குமுளியில் லோடு இறக்கி, டயர் ஆறியதும் பின் டயர் இரண்டையும் காலி அளவுக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும். அங்கே போனவுடன் கேஜ் வைத்தால் கம்பத்தில் காலையில் பிடித்ததைவிட அளவு கூடுதலாகக் காட்டும், ஏறிய சூடு அது. அதனால் டயரை ஆறவிட்டு அளக்க வேண்டும். ஆறிய பிறகும் கம்பத்து அளவோடு ஒத்துப்போகாது. பத்து டிகிரி குளிர்ந்தால் 65-இல் ஏறக்குறைய இரண்டரை பிஎஸ்ஐ குறையும்.

இறங்கி முடித்ததும் பின் ரிம் பக்கம் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் டிரம் சூடு ரிம் வழியே பீடுக்கு ஏறி, அங்கே ரப்பர் கருகி வெடிப்பு விடும். வெளியே பட்டன் புதுசாக இருக்கும்போதே டயர் போய்விடும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அதுவும் விரிசல் விடும். லோயர் கேம்பில் வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் தானாக ஆறவிடுங்கள்.