கம்பைலர் கிராஷ் ஆனா ஸ்டாக் ட்ரேஸ்ல எங்க பாக்கணும்: ஆறு வருஷ அனுபவம்

எல்எல்விஎம்ல (பல கம்பைலர்களுக்கு அடித்தளமா இருக்கற மென்பொருள்) சொந்தமா ஆப்டிமைசேஷன் பாஸ் (கோட மேம்படுத்தற ஒரு கட்டம்) எழுத ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு, இத்தனை நாள்ல எனக்கு அதிகமா கைகொடுத்தது ஸ்டாக் ட்ரேஸ்தான் (கிராஷ் ஆன நேரத்துல எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுன்னு காட்டுற பட்டியல்), ஆனா அத படிக்கக் கத்துக்கவே ரொம்ப நாள் ஆச்சு.

கிராஷ் ஆனதும் ஸ்டாக் டம்ப்னு நாலஞ்சு வரி வரும், அதுக்குக் கீழ பெரிய ஃபிரேம் லிஸ்ட், ஒரு ஃபிரேம்னா ஒரு ஃபங்ஷன் அழைப்பு. புதுசா வர்றவங்க நேரா லிஸ்டோட உச்சிக்குப் போயிடறாங்க, அங்க ட்ரேஸ பிரிண்ட் பண்ற ஃபங்ஷன், சிக்னல் ஹேண்ட்லர், அபார்ட் இதுங்கதான் இருக்கும். முதல்ல அந்த நாலஞ்சு வரிய படிங்க. எந்த பாஸ் எந்த ஃபங்ஷன் மேல ஓடிட்டு இருந்துச்சுன்னு அதுலயே இருக்கும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ரெண்டும் எதிரெதிர் வரிசை. டம்ப்ல கடைசி வரிதான் விழுந்த நேரத்துல நடந்த வேலை, ஃபிரேம் லிஸ்ட்ல மேல இருக்கறதுதான் கடைசியா ஓடுனது.

ஆனா ட்ரேஸ் காட்டுறது விழுந்த இடம், தப்பு நடந்த இடம் இல்ல. ஒரு தடவ இன்ஸ்ட்ரக்‌ஷன் செலக்‌ஷன்ல (மெஷின் கட்டளைகள தேர்ந்தெடுக்கற கட்டம்) செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரிய தொட்டதால வர்ற கிராஷ்), மூணு நாள் அந்த கோடையே நோண்டிட்டு இருந்தேன். கடைசில அசெர்ஷன (கோடுக்குள்ளயே இருக்கற சரிபார்ப்பு) ஆன் பண்ணி எல்எல்விஎம்ம திரும்ப பில்ட் பண்ணி ஓட்டுனா, ரொம்ப முன்னாடியே என்னோட பாஸ்லயே நின்னுடுச்சு: வேல்யூவ அழிக்கறப்போ அத யூஸ் பண்றவங்க இன்னும் இருக்காங்கன்னு. ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன அழிக்கறதுக்கு முன்னாடி அதோட யூஸ் எல்லாத்தையும் வேற வேல்யூவுக்கு மாத்தாம விட்டுருந்தேன். ரிலீஸ் பில்ட்ல அந்த செக்கே கிடையாது, அதனால செத்துப்போன பாயின்டர் சத்தமில்லாம அடுத்தடுத்த பாஸுக்குப் போயிட்டே இருந்துருக்கு. பனைமரத்துல தேள் கொட்டி தென்னைமரத்துல நெறி கட்டுன கதைதான். அன்னைலருந்து அசெர்ஷன் இல்லாத பில்ட்ல வந்த ட்ரேஸ நான் முழுசா நம்பறதில்ல.

ஃபங்ஷன் பேருக்குப் பதிலா வெறும் அட்ரஸா வந்துச்சுன்னா எல்எல்விஎம் சிம்பலைசர் (அட்ரஸ ஃபங்ஷன் பேரா மாத்தற டூல்) PATH-ல இருக்கான்னு பாருங்க, பாதி நேரம் அதுதான் காரணம். ஒரே அஞ்சாறு ஃபிரேம் நூத்துக்கணக்குல திரும்பத் திரும்ப வந்தா முடிவில்லாத ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப கூப்பிடறது), அப்ப உச்சிய விட்டுட்டு அந்த சுத்து எங்க ஆரம்பிச்சதுன்னு கீழேருந்து தேடுங்க.

கிளாங் (எல்எல்விஎம்மோட சி, சி++ கம்பைலர்) கிராஷ் ஆனா ப்ரீபிராசஸ் பண்ண சோர்ஸையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் டெம்ப் ஃபோல்டர்ல போட்டு வெக்கும், அத அழிச்சுடாதீங்க. அந்த சோர்ஸ சிரெட்யூஸ்ல (கிராஷ் மாறாம கோட சுருக்கற டூல்) போட்டா ஆயிரக்கணக்கான வரி பத்து வரியா சுருங்கும், அதுக்கப்புறம் அதே ட்ரேஸ படிச்சா எல்லாம் தெளிவா தெரியும்.

ரஸ்ட் கம்பைலர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வசதி, எரர் மெசேஜையே கம்பைலரோட பக் மாதிரி நடத்தச் சொல்ற ஃப்ளாக், நைட்லில (தினமும் வர்ற சோதனை வெர்ஷன்) மட்டும் இருக்கு. கிராஷ் ஆகாம தப்பான எரர் மட்டும் வருதுன்னா, அது கம்பைலர் கோட்ல எந்த வரில கிளம்புச்சுன்னு பேக்ட்ரேஸோட காட்டிடும்.

கம்பைல் நல்லா முடிஞ்சு ரிசல்ட் மட்டும் தப்பா வந்தா ட்ரேஸே கிடையாது, அப்ப ஆப்ட் பைசெக்ட் லிமிட்ங்கற எல்எல்விஎம் ஆப்ஷன வெச்சு பாஸ்கள பாதி பாதியா நிறுத்திப் பாக்கறத தவிர எனக்கு வேற வழி கிடைக்கல.