கிணற்றுக் கணக்கும் நோட்புக்கோடு இணைந்த உதவியாளரும்

குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டங்களில் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதிவரும் விவசாயிகள் குழு ஒன்றுக்காக, அந்த அளவுகளைத் தொகுத்து ஆராயும் வேலையைக் காட்பாடியில் என் வீட்டிலிருந்தே செய்து வருகிறேன். நிரலையும் அதன் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் நானே நிரல் எழுதி, சிக்கல் வரும்போது மட்டும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் பிழைச் செய்தியை நகலெடுத்து ஒட்டிக் கேட்பது என் பழைய வழக்கம். கடந்த மூன்று மாதங்களாக, அந்த உதவியாளரை எம்சிபி (உதவியாளரை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக நோட்புக்கோடு நேரடியாக இணைத்துப் பயன்படுத்துகிறேன். இந்த ஏற்பாட்டைப் பற்றிய என் மதிப்பீடு இது.

நகலெடுத்து ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, வைத்தியரிடம் தொலைபேசியில் நோயைச் சொல்வதற்கும் அவர் நேரில் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு. ஐபைத்தான் என்னும் மென்பொருள் திட்டத்திலிருந்து 2014இல் பிரிந்து, ஜூலியா, பைத்தான், ஆர் என்னும் மூன்று நிரல்மொழிகளின் பெயர்களைக் கோத்துப் பெயர் பெற்ற ஜூப்பிட்டரில், நாம் நிரல் எழுதும் கட்டங்களான செல்கள் ஓரிடத்திலும் அவற்றை இயக்கும் நிரலான கர்னல் வேறிடத்திலும் இருக்கின்றன. ஏற்றிய அட்டவணைகளெல்லாம் கர்னலின் நினைவில்தான் தங்கியிருக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் திறந்த நெறிமுறையைப் பின்பற்றும் இணைப்பி ஒன்றை நிறுவிவிட்டால், உதவியாளரே செல்லைச் சேர்த்து, அதே கர்னலில் இயக்கி, வந்த விடையைப் படித்து, அடுத்த செல்லை எழுதுகிறது. என் அட்டவணையில் எந்தெந்த நெடுவரிசைகள் உள்ளன என்று அது ஊகிக்க வேண்டியதில்லை.

நிறுவுவதற்கு எனக்கு அரை நாள் ஆனது. ஜூப்பிட்டர் சர்வரின் முகவரியையும் டோக்கன் என்னும் அனுமதிக் குறியையும் அமைப்புக் கோப்பில் எழுதுவது எளிது; ஒரே நோட்புக்கைக் கூட்டாகத் திருத்துவதற்கான ஜூப்பிட்டர் நீட்சியின் பதிப்பும் இணைப்பியின் பதிப்பும் ஒத்துப்போகாததால்தான் நேரம் வீணானது. அது சரியாகும் வரை, உதவியாளர் சேர்த்த செல் என் திரையில் தோன்றாமல், கோப்பு வெளியே மாற்றப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தது. பைத்தானை நிறுவிப் பழகாதவர்கள், தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இணைத்தபின் கிடைத்த முதல் பலனே பெரிதாக இருந்தது. பேரணாம்பட்டு, பேர்ணாம்பட்டு, பேரணாம்பட் என்று ஒரே ஊரைப் பலரும் பலவிதமாக எழுதியிருந்ததை, நான் கேட்காமலேயே பட்டியலிட்டுக் காட்டி, ஒன்றாக்கலாமா என்று கேட்டது. தேதிகளில் இன்னொரு சிக்கலையும் பிடித்தது. 03/04 என்று நம்மவர்கள் எழுதினால் அது ஏப்ரல் 3; ஆனால் பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகம், வேறு எதுவும் சொல்லாவிட்டால், மாதத்தை முதலில் வைத்து அதை மார்ச் 4 என்று படித்துவிடும். மாதக் கணக்கே அடிப்படையான ஒரு வேலையில் இது எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்பு இரண்டு மாலைகளை விழுங்கிய துப்புரவு வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

மூன்றாம் நாள் வந்த பிழையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோடைக்கால நீர்மட்டத்தை ஆண்டுவாரியாக வரையச் சொன்னேன். வந்த வரைபடத்தில் 2019ஆம் ஆண்டு கோடை, அதற்கு முந்தைய ஆண்டைவிட நன்றாக இருந்ததாகக் கோடு ஏறியிருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன ஆண்டு அது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் அன்று எப்படிக் கிடந்தன என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. செல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்தபோது காரணம் தெரிந்தது. அளவெடுப்பவர்கள், தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு எண்ணை எழுதாமல் ‘வறண்டது’ என்று எழுதியிருந்தார்கள். உதவியாளர் அந்த நெடுவரிசையை எண்ணாக மாற்றும்போது, மாறாத சொற்களை எல்லாம் வெற்றிடமாக்கும் வழியைக் கையாண்டிருந்தது. சராசரி எடுக்கும்போது பாண்டாஸ் வெற்றிடங்களை ஓசையில்லாமல் விட்டுவிடும். எங்கள் கிணறுகள் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே ஆழமுள்ளவை. ஆற்றுக்கு எட்டத்தில் இருந்தவை வறண்டு கணக்கிலிருந்து விழ, ஆற்றங்கரையில் தண்ணீர் நின்ற கிணறுகள் மட்டும் மிஞ்சி, வறட்சி கூடக்கூட நீர்மட்டம் உயர்ந்ததுபோல் தோன்றியிருக்கிறது.

இதில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்பதுதான் கவலைக்குரியது. காரணத்தைச் சொன்னதும் உதவியாளர் உடனே ஒப்புக்கொண்டு சரியான வழியை முன்வைத்தது: ‘வறண்டது’ என்றால் நீர் அந்தக் கிணற்றின் அடியாழத்துக்கும் கீழே போய்விட்டது என்று கொண்டு, சராசரிக்குப் பதிலாக, அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவை எடுக்கலாம், பாதிக்கும் குறைவான கிணறுகள் வறண்டிருக்கும் வரை அது நம்பத்தக்கது. ஆனால் ‘தூர்ந்தது’ என்று எழுதியிருந்தவற்றையும் வறண்டவற்றோடு சேர்க்கப் பார்த்தது. தூர்ந்த கிணறு நீர்மட்டத்தைப் பற்றி எதையும் சொல்லாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மாவட்டப் பிரிவினையிலும் இதே கதை. மழையளவுப் பட்டியலில் ‘வேலூர்’ என்றிருந்ததை எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே பரப்பாக எடுத்துக்கொண்டு ஒரே கோடாக வரைந்துவிட்டது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தபின் வேலூர் என்ற பெயர் குறிக்கும் நிலமே வேறு. இதையும் வறண்ட கிணறுகளுக்கான விதியையும் நோட்புக்கின் முதல் செல்லில் தமிழிலேயே எழுதி வைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டுத் தொடங்குமாறு சொன்னபின் இந்த இரண்டு பிழைகளும் திரும்ப வரவில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உதவியாளர் ஒரு செல்லை நீக்கினாலும், அந்தச் செல் உருவாக்கிய மாறி (பெயரிட்டு வைத்த மதிப்பு) கர்னலின் நினைவில் இருந்துகொண்டேயிருக்கும். அதனால் இன்று ஓடும் நோட்புக் நாளை ஓடாமல் போகலாம். ஒவ்வொரு நாள் முடிவிலும் கர்னலை மறுதொடக்கம் செய்து எல்லாச் செல்களையும் முதலிலிருந்து இயக்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது, செல்லின் வெளியீட்டில் தெரிவதெல்லாம் உதவியாளரை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. கிணற்று உரிமையாளர்களின் பெயர்களையும் கைபேசி எண்களையும் தனிக் கோப்பில் பிரித்து, கிணற்றுக்கு ஓர் எண் மட்டும் கொடுத்த பின்னரே நான் இணைத்தேன். அவர்கள் என்னை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. நீண்ட அட்டவணைகளை முழுதாக அச்சிடாமல் முதல் சில வரிகளை மட்டும் காட்டினால், சந்தாவின் பயன்பாட்டு வரம்பும் விரைவில் தீராது.

தன் தரவைத் தானே அறிந்த ஒருவருக்கு, அதாவது ஆம்பூரில் தோல் ஏற்றுமதிக் கணக்கு வைத்திருப்பவருக்கோ கல்லூரியில் ஆய்வு செய்யும் மாணவருக்கோ, இந்த ஏற்பாட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். யாரோ தொகுத்த தரவை எடுத்து, கேள்வி மட்டும் கேட்டு விடை பெறலாம் என்று நினைப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். செல்களைத் தானாக இயக்கும் அனுமதியை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டே ஒப்புதல் அளிக்கிறேன்.

இப்போது குழுவுக்கு அனுப்பும் வரைபடத்தில், ஒவ்வொரு புள்ளியின் கீழும் அந்த மாதம் எத்தனை கிணறுகள் அளக்கப்பட்டன, அவற்றில் எத்தனை வறண்டிருந்தன என்ற இரண்டு எண்களும் இருக்கின்றன. அந்தச் செல்லை எழுதியது உதவியாளர்தான்.