அப்பிச்சி வச்சிட்டுப் போன தோட்டாவுக்கு வயசு பாக்கப் போய் நான் பட்டது

எங்க அப்பிச்சிக்கு ஆனைமலை அடிவாரத்துல தோட்டம், காட்டுப்பன்னி தொல்லைக்கு லைசென்ஸ் எடுத்து ஒரு டபுள் பேரல் வச்சிருந்தாரு. அவரு போனதும் மாமா துப்பாக்கிய மட்டும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டாரு, ட்ரங்குப் பொட்டியில வேட்டிக்கு அடியில தோட்டா கெடந்தது யாருக்கும் தெரியல. போன வருஷம் பழைய வீட்ட இடிக்கறப்ப என் கைக்கு வந்துச்சு. ரெண்டு அட்டைப் பொட்டி, ஒண்ணு முழுசா 25, இன்னொண்ணுல 18. எல்லாம் பேப்பர் தோட்டா, அதாவது உடம்பு பேப்பர், அடி மட்டும் பித்தளை, பித்தளையில களிம்பு ஏறி, ஈரத்துல ஊதிப்போய் இருந்துச்சு.

அப்பவே வக்கீலப் பாத்திருக்கணும். நான் பாத்தது பழைய பொருளுக்கு வயசு சொல்றேன்னு போர்டு மாட்டியிருந்த ஒருத்தர. மனுசன் லென்ஸ் வச்சு தோட்டாவோட அடியப் பாத்தாரு, "சார், 12னு போட்டிருக்கு பாருங்க, 1912, மொத உலகப் போருக்கு முந்தினது, வெளிநாட்டுக்காரன் அள்ளிட்டுப் போவான்"னாரு. வயசுச் சர்டிபிகேட்டுக்கு 3,500 ரூவா. எண்ணிக்கை, சீல், லேமினேஷன் எல்லாம் போட்டுக் குடுத்தாரு, போட்டோ எடுக்கணும்னு முழுப் பொட்டிய வாங்கி வச்சுக்கிட்டாரு. நானும் குடுத்துட்டு வந்தேன், என்னத்தச் சொல்ல.

ரைபிள் கிளப்புக்குப் போற என் மச்சான்கிட்ட அந்தச் சர்டிபிகேட்டப் பெருமையாக் காட்டுனா விழுந்து விழுந்து சிரிக்கறான். 12ங்கறது வருஷமே இல்லைங்க, போர் (bore), துப்பாக்கிக் குழாயோட அகலக் கணக்கு. அந்தக் குழாய் அகலத்துக்குச் சரியா ஈயக் குண்டு செஞ்சா ஒரு பவுண்டுக்கு 12 குண்டு வரும், அதான் 12 போர், நேத்து செஞ்ச தோட்டாவுலயும் 12னுதான் இருக்கும். அப்புறம் அவன் காட்டுனதுதான் எனக்குச் செருப்படி. அதே பித்தளையில 12க்குப் பக்கத்துலயே எலி கைனாக் (Eley-Kynoch), ஐ.சி.ஐ.னு கம்பெனிப் பேரு இருக்கு. எலி, கைனாக் ரெண்டும் தனித்தனிக் கம்பெனியா இருந்து 1918லதான் ஒண்ணாச் சேந்துச்சு, ஐ.சி.ஐ. பொறந்ததே 1926ல. பொறக்காத கம்பெனி 1912ல எப்படிங்க தோட்டா செய்யும்? எங்கிட்ட மிச்சமிருந்த பொட்டி லேபிள்ல ஐ.எம்.ஐ.னு இருந்துச்சு, ஐ.சி.ஐ.யோட உலோகப் பிரிவுக்கு அந்தப் பேரு வந்தது 1962ல, அதாவது அந்தப் பொட்டி எங்கம்மா பள்ளிக்கூடம் போன காலத்துது. பேப்பர் தோட்டான்னாலே நூறு வருஷம்னு நெனைக்காதீங்க, பிளாஸ்டிக் தோட்டாவ ரெமிங்டன்ங்கற அமெரிக்கக் கம்பெனி மொதல்ல விட்டதே 1960லதான், பேப்பர் அதுக்கப்புறமும் ஓடுச்சு. அதனால அடிப் பித்தளையில எழுத்து, பொட்டி லேபிள் ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் ஏதோ ஒரு காலக்கணக்காவது வரும், ஒத்த நம்பர வச்சு வருஷம் சொல்றவன் பொழப்பு வேற.

ஃபோன் போட்டு பொட்டியத் திருப்பிக் கேட்டேன். மொதல்ல ஏற்றுமதிப் பேப்பருக்கு இன்னும் 8,000 ஆகும்னாரு, முடியாதுன்னதும் குரலே மாறிப்போச்சு. "லைசென்ஸ் இல்லாம தோட்டா வச்சிருக்கீங்க சார், ஸ்டேஷன்ல சொல்லட்டுங்களா?" அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

வக்கீல் திட்டுன திட்டுல அந்தச் சர்டிபிகேட்டுக்காரர் சொன்னது வாஸ்தவம்தான்னு புரிஞ்சுது. 1959 ஆயுதச் சட்டத்துல துப்பாக்கிக்குச் சொல்றதுதான் தோட்டாவுக்கும், பழசு, வெடிக்காதுங்கறதெல்லாம் நாம சொல்லிக்கறது. லைசென்ஸ்காரர் எறந்துட்டா ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ தாமதிக்காம ஒப்படைக்கணும், 21ம் பிரிவு. வித்தாலும், வேற ஆள் கையில குடுத்தாலும் அது தனிக் குத்தம். தூக்கி எறியவும் கூடாது, கத்தியால கீறிப் பாக்கவும் கூடாது, உள்ள மருந்து உசுரோட இருக்கலாம்.

வக்கீலக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன், மிச்சத்த மேசை மேல வச்சேன், அந்தாளு ஏமாத்துனதுக்கு ஆதாரம் இருக்கட்டும்னு அந்தச் சர்டிபிகேட்டையும் கூடவே நீட்டுனேன். ரைட்டர் ரெண்டு தடவை எண்ணுனாரு, லேமினேஷனத் திருப்பிப் படிச்சாரு, நிமுந்து பாத்துட்டுக் கேட்டாரு, "இதுல 43ன்னு போட்டிருக்கு, இங்க 18தான் இருக்கு. மிச்சம் 25 எங்கப்பா?"